மனுவோடு தனியாகப் போன செயலாளர்

மேடையில் இருக்கும் மன்றத் தலைவர் நெடுமாறன் அண்ணனுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், பிள்ளையைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மீனம்பாள் பெரியம்மாவுக்கும், மன்றத் தோழர்களுக்கும் ஜெய்பீம்.

நான் கலைமதி, மன்றத்தின் துணைச் செயலாளர். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். இதுவரை மைக் பிடித்ததில்லை. பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டாம்.

எனக்கு முன் பேசியவர்கள் நம் செயலாளர் பீமாராவ் அண்ணனை மாவீரர் என்றார்கள், தியாகி என்றார்கள். அவர் எந்தப் போருக்கும் போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை மாலை, மழையில், வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்கு வந்தார். காலனி வளைவில், சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணற்றில் விழுந்து செத்தார். அந்தச் சுவரைக் கேட்டு இரண்டு வருடமாக மனு கொடுத்தவர் அவர்தான்.

செயலாளர் என்றால் யார்? நம் மன்றத்தில், நாம் செய்யாததையெல்லாம் செய்கிறவர். ரத்த தான முகாமா, செயலாளர் பார்த்துக்கொள்வார். ஊர்வலத்துக்கு அனுமதியா, செயலாளர் பார்த்துக்கொள்வார். கிணறா? அதையும் அவரே பார்த்துக்கொள்வார்.

ஐந்து மனுக்களையும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ஐந்தாவதில் நாற்பத்திரண்டு கையெழுத்து. மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து போய்க் கொடுப்பதென்று தீர்மானம் போட்டோம். அந்தத் திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்றது அண்ணனும் நானும் மட்டும். அவர் ஒவ்வொருவராகப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. பெயர் சொல்லவில்லை, குரலுக்குச் சொந்தக்காரர்களுக்குத் தெரியும்.

"இன்னா பீமா, எனக்கு எவன் லீவு குடுப்பான்? நீ குடுத்தா போதும்டா."

"செயலாளர்னு உன்ன எதுக்குடா வச்சிருக்குது? போய்ட்டு வா. வரும்போது பரோட்டா வாங்கினு வா."

அண்ணன் சிரித்தார். "வா துணைச் செயலாளரே, நாப்பத்திரெண்டு பேரு கத்த வேண்டியத நம்மளே கத்திட்டு வருவோம்" என்றார்.

கத்தவில்லை. செஞ்சி அலுவலகத்தில் மனுவைப் புரட்டிய அதிகாரி எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இவ்ளோ கையெழுத்து இருக்குது, ஆளுங்க எங்க? எல்லாம் நீயே போட்டதா?"

அண்ணன் தலைகுனிந்து நின்றார். எனக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. திரும்பும்போது அவர் சொன்னார்: "இத யார்கிட்டயும் சொல்லாத கலை, சங்கடப்படுவாங்க."

மூன்று மாதம் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். சங்கடப்படுங்கள்.

அதிகாரி மேல் கோபம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அண்ணன் உடலைத் தூக்க நாற்பத்திரண்டு பேரும் வந்தீர்களே, அன்றைக்கு மட்டும் லீவு எப்படிக் கிடைத்தது?

கிணறு இன்னும் திறந்தே கிடக்கிறது. சுற்றி ஒரு கயிறு கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். இன்று காலையும் நம் பிள்ளைகள் அந்த வளைவில்தான் சைக்கிளில் பள்ளிக்குப் போனார்கள்.

அடுத்த செயலாளராக என்னை முன்மொழியப் போவதாகத் தலைவர் சொன்னார். "உன் கையெழுத்து நல்லா இருக்குது, நீ பாத்துக்குவ" என்றார். பொறுப்பை ஏற்கிறேன் அண்ணே. தனியாகப் பார்த்துக்கொள்ள மாட்டேன்.

ஆறாவது மனுவை எழுதிவிட்டேன். இங்கே யாரிடமும் கையெழுத்து வாங்கப் போவதில்லை. நாளை காலை ஒன்பது மணி செஞ்சி பஸ்ஸில் ஏறி, அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று போடுங்கள். பீமாராவ் அண்ணனுக்கு வீரவணக்கம் சொல்ல நினைப்பவர்களும் அங்கே வந்து சொல்லுங்கள்.