எட்டு மணிக்கு விழும் கட்டடம்

லுவான்: பட்டன் மேலருந்து கையை எடுடா. அமுக்கித் தொலைச்சிடப் போற.

டெல்பர்ட்: கட்டடத்துக்கு வெச்ச வெடி வெடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்குக்கா... கை சும்மா இருக்க மாட்டேங்குது.

லுவான்: கூட்டத்தைப் பாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வராததெல்லாம் மடக்கு நாற்காலியோட இங்க வந்து உக்காந்திருக்கு.

டெல்பர்ட்: டோனட் வேற விக்கிறாங்க. சாப்பிடறியா?

லுவான்: வேண்டாம். நீ?

டெல்பர்ட்: எனக்கும் இறங்காது.

லுவான்: எண்பதாயிரம் பேர் இருக்கற ஊருக்கு முப்பத்தோரு மாடி! சிகாகோவுக்குத் தம்பின்னு நம்ம மேயருங்க பீத்திக்காத நாளே இல்ல.

டெல்பர்ட்: அதோட கண்ணாடியைத் தொடைக்கும்போது கயிறு அறுந்து விழுந்தாரே அப்பா... அவரைப் பத்தி எவனாவது பேசினானா? குடிச்சிருந்தார்னு எழுதி மூடிட்டாங்க.

லுவான்: பீரை மோந்துகூடப் பார்க்காத மனுஷன்.

டெல்பர்ட்: நாப்பத்தோரு வருஷம்... வண்டி ஆத்துப் பாலம் ஏறினதும், இந்தக் கட்டடம் கண்ணுல படக்கூடாதுன்னு அம்மா கண்ணை மூடிக்குவா.

லுவான்: "தாண்டியாச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் திறப்பா. நீ ஒரு தடவை வேணும்னே தாண்டியாச்சுன்னு...

டெல்பர்ட்: அதுக்குத்தான் கன்னம் பழுத்துதே! ஒன்பது வயசுல புத்தி எங்க இருந்துச்சு?

லுவான்: இப்ப மட்டும் எங்க இருக்கு? ஆனா பட்டனை யாரு அமுக்கறதுங்கற குலுக்கல்ல நாப்பது சீட்டு வாங்கினாளே, அதே அம்மா!

டெல்பர்ட்: பேரு விழும்போது படுத்த படுக்கை. "நீ போய் அமுக்குடா. நான் முதியோர் இல்லத்து ஜன்னல்லருந்து கண்ணால பார்க்கணும்"னா... இரு, இடிக்கற கம்பெனி மேஸ்திரி வரான்.

கர்ட்: டெல்பர்ட், காத்து ஏறுதுய்யா. தூசி ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிடலாமான்னு பார்க்கிறோம்.

டெல்பர்ட்: முடியாது!

லுவான்: இன்னிக்கேதான்!

கர்ட்: ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பதறுறீங்க? உங்க அம்மா ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா ஆகாதா?

லுவான்: அவங்க... இன்னிக்குன்னு சொல்லிட்டாங்க, கர்ட்.

கர்ட்: சரி. பத்து நிமிஷம் பொறுங்க, பார்ப்போம்.

டெல்பர்ட்: ஏன்க்கா அழற?

லுவான்: தூசி.

டெல்பர்ட்: இன்னும் இடிக்கவே இல்லையே...

லுவான்: வாயை மூடுடா.

கர்ட்: காத்து அடங்கிடுச்சு! ரெடியா? உங்க அம்மாவை வீடியோவுல கூப்பிடுங்க, மகன் அமுக்கறதைப் பார்க்கட்டும்.

டெல்பர்ட்: வேண்டாம்.

லுவான்: அங்க... சிக்னல் வராது.

கர்ட்: உங்க இஷ்டம். மூணு... ரெண்டு... ஒண்ணு... அமுக்கு!

டெல்பர்ட்: ...போயிடுச்சு.

லுவான்: வெறும் வானம்தான் இருக்கு.

கர்ட்: பதினோரு செகண்டுல தரைமட்டம்! போய் உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க!

டெல்பர்ட்: அக்கா... உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். காலையில அஞ்சரைக்கு இல்லத்துலருந்து போன் வந்துச்சு. அம்மா போயிட்டா. சொன்னா நீ என்னை அங்க இழுத்துட்டுப் போயிடுவியோன்னு...

லுவான்: எனக்கும் வந்துச்சுடா. அங்க போயிட்டுத்தான் வரேன். நீ அமுக்காம ஓடிடுவியோன்னு சொல்லல. ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்தபடி கிடந்தா. நர்ஸ் மூடப் போனாங்க... எட்டு மணி வரைக்கும் மூடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.