வீடு பார்க்க வந்தவர்கள்

வீடு விற்க வேண்டுமென்றால் முதலில் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், மேடம். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, கதவுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் அப்புறம். உள்ளே வெளிச்சம் வந்துவிட்டாலே பாதி வீடு விற்ற மாதிரி என்று புரோக்கர் சொன்னார். நானும் பழைய பேப்பரை நனைத்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் துடைத்தேன். என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "மேல் மூலையில ஒரு கோடு நிக்குது பாரு" என்றார். கோடு இருக்கத்தான் இருந்தது. இல்லாததை அவர் சொல்லவே மாட்டார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வேலையே அதுதான். கண்ணாடி பாட்டில் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தார். பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும், பின்னால் விளக்கு எரியும், கீறலோ குமிழோ தெரிந்தால் எடுத்துத் தொட்டியில் எறிய வேண்டும். ஓய்வு பெற்றபோது அந்தக் கண்ணையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று மகள் கிண்டல் செய்வாள். அவளுக்கு என்ன தெரியும், கல்யாணமான நாளிலிருந்தே அந்தக் கண் வீட்டில்தான் இருந்தது. விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே "உப்பு ஒரு கல் கம்மி" என்பார். அவள் பிறந்தபோது துணியை விலக்கிக் கை கால் எல்லாம் பார்த்துவிட்டு, "இடது காது லேசா மடங்கியிருக்கு" என்றார். என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கே வேண்டாம். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் கிடையாது. கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மகள் இருக்கும் ஊரில், அவள் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு சின்ன ஃபிளாட் காலியானது. இரண்டு அறை, ஒரு பால்கனி. பால்கனியில் நின்றால் பேரன் தவழ்வது தெரியும். "அம்மா, சட்டுனு வித்துட்டு வந்துருங்கம்மா. இவனை வச்சுக்கிட்டு நான் ஒத்தையா அல்லாடறேன்" என்று மகள் போனில் அழுதாள். ஃபிளாட்டின் சொந்தக்காரர் மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொன்னார், அதற்குமேல் முடியாது என்றார். நான் வாய் திறந்து எதையும் கேட்டு வாங்கிப் பழக்கப்பட்டவள் இல்லை. அந்த ஃபிளாட்டை மட்டும் கேட்டேன். என் வீட்டுக்காரரும் மறுக்கவில்லை, "சரி, போவோம்" என்றார். பேரனைப் பார்க்க அவருக்கும் ஆசைதான்.

மூட்டை கட்டும் வேலையை நான் ஆரம்பித்தேன். தட்டு, டம்ளர், ஜாடி ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, இடுக்கில் பழைய துணியைத் திணித்து, பெட்டிக்கு டேப் ஒட்டுவேன். அவர் வந்து பெட்டியைக் காதருகே தூக்கி ஆட்டிப் பார்ப்பார். "உள்ள என்னமோ ஆடுது, பிரி" என்பார். பிரிப்பேன். ஆடத்தான் செய்திருக்கும். அதனால்தான் மேடம், எனக்கு இப்போது அவ்வளவு நன்றாகக் கட்ட வருகிறது.

முதலில் வந்தது ஒரு பேங்க் அதிகாரியும் அவர் மனைவியும். கூடத்தைப் பார்த்துவிட்டு அந்தம்மாள் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே போய், சுவரை விரல் முட்டியால் தட்டி, "இங்க ஓதம் ஏறும். மழைக்காலத்துல பாருங்க, பூச்சு உப்பிக்கிட்டு வரும்" என்றார். குளியலறைக்குப் போனால், "தண்ணி வாட்டம் சரியில்லை. கதவுப் பக்கம்தான் ஓடிவரும்" என்றார். மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரம் அதிகம் என்று அந்தம்மாளை நிற்க வைத்துக் காட்டினார். அவர்கள் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

புரோக்கர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஆளு வர்ற நேரத்துல ஐயாவை எங்கயாவது அனுப்பி வச்சிருங்க" என்றார்.

அன்றைக்கு நான் என் வீட்டுக்காரரிடம் நல்லபடியாகத்தான் பேசினேன். "ஏங்க, அவங்க கேக்காதப்ப நாமளா எதுக்குச் சொல்லணும்?"

"வாங்கினப்புறம் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக் கூடாதில்ல."

"வீடு போகலைன்னா ஃபிளாட்டு போயிரும்ங்க."

"நான் பொய் சொன்னேனா? அதைச் சொல்லு."

பொய் சொல்லவில்லை. அதற்குமேல் நான் என்ன பேச முடியும்? அடுத்த முறை ஆள் வந்தபோது முடிவெட்டிக்கொள்ள அனுப்பினேன், கடையில் கூட்டமென்று பாதியில் திரும்பிவிட்டார். அதற்கடுத்த முறை எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பொடித்து அவர் டீயில் போட்டேன். அன்று வந்தது ஒரு தையல்கடைக்காரர் குடும்பம். பின்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, குழறுகிற நாக்கோடு, "நிலைக்கதவுல கரையான்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குடிகாரர் இருக்கும் வீடு என்று நினைத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். ஒரு வகையில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம்தான் ஏணி. பரணில் இருந்த பாத்திரங்களை இறக்க வேண்டியிருந்தது. அவர் ஏறினார், நான் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே நின்றபடியே பரணுக்கு மேல் கான்கிரீட்டில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்துவிட்டார். "அடடா, இது இத்தனை நாளா என் கண்ணுலயே படலையே. நாளைக்கு வர்றவங்களுக்குக் காட்டணும்" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். கை வழுக்கிவிட்டது என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். வழுக்கவில்லை. ஏணியின் காலை என் பக்கம் இழுத்தேன். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை.

தாடை சமையல் மேடையின் விளிம்பில் மோதியது. ஈர விறகை ஒடிப்பது மாதிரி ஒரு சத்தம். கால் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது, எலும்பு தோலுக்குள் முட்டிக்கொண்டிருந்தது. தரையில் பற்கள் கிடந்தன. நான் முதலில் பற்களைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தரையைத் துடைத்தேன். ரத்தம் டைல்ஸ் இடுக்கில் இறங்கிவிட்டால் லேசில் போகாது. துடைத்து முடித்த பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர் தரையில் கிடந்தபடி நான் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி வைத்து இறுக்கிக் கட்டினார்கள். காலுக்கு மாவுக்கட்டு. டாக்டர் அவரிடம், "எப்படி விழுந்தீங்க? ஏணியை யாரும் பிடிக்கலையா?" என்று கேட்டார். இவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு உள்ளங்கையை விரித்து, அதன்மேல் இரண்டு விரலை வைத்து, சறுக்குகிற மாதிரி காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். தன் கால்தான் வழுக்கியது என்று அர்த்தம். ஆகவே நான் இழுத்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லாமல் விடுகிற மனிதரா அவர்? நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை, மேடம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன. அவரைச் சக்கரம் வைத்த நாற்காலியில் கூடத்தில் உட்கார வைத்து, குழாய் வைத்து சூப் புகட்டுவேன். நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. ஒரு தடவை உப்பே போடாமல் சூப் வைத்துக் கொடுத்தேன், பேசாமல் குடித்தார். இன்னொரு தடவை கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, அதையும் குடித்தார். நானே துடைத்தும் விட்டேன்.

கடைசியாக வந்தவர்களை உங்களுக்குத் தெரியும், அந்த நர்ஸ் பெண்ணும் லாரி ஓட்டும் அவள் புருஷனும். நான் ஓதம் ஏறிய சுவருக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்திருந்தேன். நிலைக்கதவில் கரையான் அரித்த இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது டொக் டொக் என்று சத்தம் கேட்டது. இவர் நாற்காலிக் கையை விரல் முட்டியால் தட்டிவிட்டு, பீரோவைக் காட்டினார்.

"அப்பா என்னமோ சொல்றாருங்க" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். புருஷன் பீரோவை நகர்த்தினான். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போனார்கள். இவர் விரலை நீட்ட நீட்ட, அவர்கள் தட்டிப் பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள். பரண் விரிசலையும் காட்டினார். நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் விளையாட்டாக, "அம்மாகிட்ட ஏதாவது குறை இருக்காப்பா?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக ஆட்டினார்.

இல்லை என்றுதான் சொன்னார் என்று அந்தப் பெண் உங்களிடம் சொல்லியிருப்பாள். பாவம், அவளுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். அது பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்து, இது தேறாது என்று தள்ளும்போது ஆட்டுகிற தலை. கண்ணில் ஈரம் இருந்ததே என்றும் சொல்லியிருப்பாள். காலையில் கொடுத்த சூப் சூடு.

அவர்கள் போன பிறகு நான் கூடத்தில் மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன், கால் மிதிக்கிற தையல் மெஷினை ஸ்டாண்டோடு வைக்கிற பெரிய பெட்டி. மறுபடியும் டொக் டொக். திரும்பிப் பார்த்தால் விரலை நீட்டிக்கொண்டிருந்தார். ஆணி வளைந்திருந்தது, உண்மைதான். நான் சுத்தியலோடு எழுந்து போய் முதலில் அந்தக் கையை நாற்காலிக் கையோடு வைத்து அடித்தேன். விரல்கள் நசுங்கின. வாய் கம்பியால் கட்டியிருந்ததால் கத்த முடியவில்லை, மூக்கால் பெரிதாக மூச்சு விட்டார். இன்னொரு கையைத் தூக்கி என்னைத் தடுக்கவில்லை. என் முந்தியைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நெற்றிப்பொட்டில் அடித்தேன், அப்புறம் உச்சியில், அப்புறம் தாடையில். கம்பி பிய்த்துக்கொண்டு கன்னத்துக்கு வெளியே வந்தது. எத்தனை அடி என்று கேட்டீர்கள், நான் எண்ணவில்லை. தலை ஆடுவது நிற்கும்வரை அடித்தேன். நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

மெஷினை வெளியே எடுத்து வைத்துவிட்டு அந்தப் பெட்டியில் அவரை வைத்தேன். முழங்கால் மடங்கவில்லை, மாவுக்கட்டை உடைக்க வேண்டியிருந்தது. இரண்டு போர்வை சுற்றி, இடுக்கிலெல்லாம் துணி திணித்தேன். ஆட்டிப் பார்த்தேன், உள்ளே எதுவும் ஆடவில்லை. உள்ளறைக்கு இழுத்துப்போய் வைத்தேன். எங்கே கொண்டுபோய்ப் போடலாம் என்று நான் யோசிக்கவே இல்லை, மேடம். அவரையும் மகள் ஊருக்குக் கூட்டிப்போவதாகத்தானே பேச்சு.

மறுநாள் காலையில் புரோக்கர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். "அம்மா, முடிஞ்சுதும்மா! சொன்ன விலைக்கே எடுத்துக்கறாங்களாம். இத்தனை குறையையும் மறைக்காம காட்டின மனுஷன் வீட்டை நம்பி வாங்கலாம்னு அந்தப் பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்குது. ஐயா எங்க? அவர் கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

தூங்குகிறார் என்றேன். புரோக்கர் கேட்காமல் உள்ளறைக்குப் போய்விட்டார். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் ஈரம் கசிந்திருந்தது. அதை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அவர் தொட்டுப் பார்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். நான் அவருக்கு டீ கலந்துகொண்டிருந்தேன்.

ஏணியை இழுத்தது நான். அடித்துக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை, அப்படியே எழுதுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், மேடம். கூடத்தில் நடந்ததை அந்த நர்ஸ் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். மாதக் கடைசிக்குள் பத்திரம் முடிந்தாக வேண்டும், மகள் எனக்காகக் காத்திருக்கிறாள். தரையைச் சோப்பு போட்டு, டைல்ஸ் இடுக்கெல்லாம் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். நீங்களே போய்ப் பாருங்கள், இப்போது அந்த வீட்டில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.