தலைவலி விட்ட விதம்

போடிமெட்டுக்கு ஏறும் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் ஏலத்தோட்டக் கங்காணிகள் இருவர் அமர்ந்திருந்தனர். மூத்தவரின் தங்கையை மணந்தவர் இளையவர் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவர் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"சுக்குப் பத்து, மாத்திரை, எதுக்கும் இந்த ஒத்தைத் தலைவலி கேக்கல மச்சான். உங்களுக்கு மட்டும் எப்பிடி விட்டுச்சு?"

"வேலைக்குப் பிந்தி வர்ற பொம்பளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புறத விட்டேன் மாப்ளே. தலைவலியும் விட்டுச்சு."

"கேலி பண்ணாதீக."

"நெசமாத்தான். விடிஞ்சதும் யாரை விரட்டலாம்னு வழியவே பாத்துக்கிட்டு நிப்பேன். அப்பவே நெத்திப்பொட்டு தெறிக்க ஆரம்பிச்சிரும். ஒருநா, கைப்பிள்ளைக்காரி ஒருத்தி திரும்பிப் போக மாட்டேன்னு அழுதுக்கிட்டே நின்னா. கூடையைக் குடுத்துக் காய் பறிக்க அனுப்பிட்டேன். அன்னிக்கு வலி வரல. அப்புறம் யாரையும் விரட்டல."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா சோலி போயிருமே?"

"போனாலும் போகும். அந்தப் பயம் இருக்கத்தான் செய்யுது. வலி இல்ல."

பஸ் இரண்டு வளைவுகளைக் கடந்தது.

"நேத்து நீ எத்தனை பேரைத் திருப்பி அனுப்புன?" என்றார் மூத்தவர்.

"நாலு பேரு."

இளையவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுல ஒருத்தி உங்க தங்கச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல்னு பிந்தி வந்தா."