கல்லைக் காட்டிக் கதவு கேட்கமாட்டேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் குடித்தலைவர் செகுந்தோ கூரிவில் அவர்களே, மழையோடு மழையாகப் படகேறி அக்கரையிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, மருத்துவமனை இயக்குநர் அம்மையார் அவர்களே, பெற்ற தாய்மார்களே, பெறப்போகும் தாய்மார்களே, முன்வரிசையில் வயிற்றின்மேல் கைவைத்து அமர்ந்திருக்கும் என் தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் ஒத்திலியா பைனெமால் ஆகிய நான் நம் மொழியில் சொல்லும் மரி மரி, வணக்கம்.

புடி ஏரிக்கரையில் வாழும் நம் மப்பூச்சே குடிப் பெண்கள் பேறுகாலம் நெருங்கியதும் டவுனுக்கு வந்து தங்க, இதோ புதிய இல்லம் எழுந்திருக்கிறது. அடுப்பு இருக்கிறது, அழகான கட்டில் இருக்கிறது, ஆளுயரச் சுவர் இருக்கிறது. வாசற்கதவு மட்டும் எப்போதும் பூட்டியே இருக்குமாம். அதைப் பகலிலாவது திறந்து வையுங்கள் என்று கேட்கத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள்.

ஏறும்போது தலைவர் என் காதோடு சொன்னார்: "இந்தா பாரும்மா, ஏக்கம் கீக்கம்னு பேசி அழுது வைக்காதே. நடந்தா பித்தப்பையில கல்லு வராதுன்னு போடு. கல்லுன்னாதான் இயக்குநரம்மா அசைஞ்சு குடுப்பாங்க."

தலைவரே, நீங்கள் சொன்னதில் நியாயம் உண்டு. இந்தக் கூட்டத்தில் பித்தப்பை இருக்கிற பெண்கள் எத்தனை பேர்? என் அம்மாவுக்கு இல்லை, என் அக்காவுக்கு இல்லை. பிள்ளையைப் பெற்ற கையோடு கல்லையும் பெறுவது நம் குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது. சிரிக்கிறீர்கள். சிரித்தால் தையல் இழுக்கும் என்பதும் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும்.

ஆனால் நான் அதைச் சொல்லப்போவதில்லை. ஏன் தெரியுமா?

இரண்டாம் பிள்ளைக்காகப் பழைய இல்லத்தில் நான் காத்திருந்தேன். ஆட்டுக்குப் பின்னால் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்கள், நான் அடுப்போரத்தில் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் மரத்துக் கிடந்தன. பிற்பகலில் எங்கள் கரைப் படகு துறைக்கு வரும். என் மூத்தவள் அதில் இருக்கமாட்டாள், தெரியும். ஆனாலும் அவள் இருக்கும் கரையைத் தொட்டுவிட்டு வரும் படகு அல்லவா? அதைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

"எர்மினியாக்கா, துறை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்று காப்பாளரிடம் கெஞ்சுவேன்.

"வழியில பெத்துப் போட்டுட்டு, பிள்ளைக்கு ஏரின்னு பேரு வைக்கப் போறியா? உக்காரு. ரொட்டி பொரிச்சிருக்கேன், சூடா தின்னு."

பாவம், அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

ஒருநாள் மருத்துவச்சி நொர்மா வந்தார். நானும் நம் தலைவர் வழியில்தான் போனேன். "அம்மா, நடக்கலைன்னா எங்கம்மா மாதிரி எனக்கும் கல்லு வந்துடும்" என்றேன்.

அவர் நேராகச் சொன்னார்: "உனக்கு நடக்கத் தடை இல்ல. நடந்தா உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனா கல்லு வராதுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். பிள்ளை வயித்துல இருக்கறப்ப பித்தப்பை தானா மந்தமாயிடும். கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி குடுத்துப் பாத்திருக்காங்க. பயிற்சி பண்ணவங்களுக்கும் கல்லு வந்துச்சு."

"அப்ப வேற என்னதான் சொன்னா கதவைத் திறப்பீங்க?"

"உண்மையைச் சொல்லிப் பாரேன்."

சொன்னேன். "வீட்டு நெனப்பாவே இருக்கும்மா. எங்க படகைப் பாக்கணும்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் எழுந்து, "எர்மினியா, கதவைத் திற. இன்னிக்கு நானும் கூடப் போறேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் நடந்தேன்.

என்ன அங்கே சத்தம்? "நடந்தும் உனக்குக் கல்லு வந்துச்சே" என்கிறதா பின்வரிசை? குரல் என் நாத்தனாருடையது. வந்தது நாத்தனாரே, வந்தது. வலது விலாவுக்கடியில் பிடித்து முதுகு வரை இழுத்தது. பக்கத்துக் கட்டில்காரி, "நீதான் நடக்குறியே, உனக்கெல்லாம் கல்லு வராது. வாயுவா இருக்கும், படு" என்றாள். நானும் அதை நம்பியிருந்தால்? நொர்மா எனக்குப் பொய் சொல்லாததால் உடனே மருத்துவமனைக்கு ஓடினேன். மருந்து கொடுத்து வலியைச் சமாளித்தார்கள். மகன் நலமாகப் பிறந்தான். பித்தப்பை பிறகு அறுவையில் போயிற்று.

அம்மையார் அவர்களே, கல்லைக் காட்டி வாங்கிய கதவு, நடக்கும் ஒருத்திக்கு முதல் கல் வந்த அன்றே சாத்தப்படும். நடந்தால் வராது என்று நம்பியவள் வலியைப் பல்லைக் கடித்து மறைப்பாள். அந்தப் பொய் நமக்கு வேண்டாம். மருத்துவர் படுக்கச் சொன்னவள் படுக்கட்டும். மற்றவள் நடக்கட்டும். வலித்தால்தான் வாசல் திறக்குமா? ஏங்கினால் திறக்காதா? நோயைச் சொன்னால் நிமிர்ந்து கேட்கிறவர்கள், ஆசையைச் சொன்னால் ஏன் குனிந்துகொள்கிறீர்கள்?

ஒரு பெண் தன் வீடு இருக்கும் திசையில் கொஞ்ச தூரம் நடக்க ஆசைப்படுகிறாள். இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை. இது போதாதென்றால், போதாதென்று இந்தத் தங்கைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. காத்திருக்கும் கால்களுக்கு என் வணக்கம்.