விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

அங்கேயே நில்லும்மா, உள்ள வராத. கடை பூரா கண்ணாடித் தூள், இன்னும் கூட்டல. அந்த டப்பாவத் தொடாத, கைய அறுத்துரும். நன்றி சொல்ல வந்தியா? சொல்லிட்டல்ல, கெளம்பு.

என்னது அது? ஆய்வேடா? இம்மாந்தண்டி இருக்கு. எனக்கு எதுக்கு இதெல்லாம்? முதல் பக்கத்துல என் பேரா? யாரு போடச் சொன்னா? குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஃப்ரேம் கடை உரிமையாளர்... அடிச்சிரு. இப்பவே அடி, பேனா தரேன்.

ஆராய்ச்சின்னு கெளம்புனா உங்களுக்கெல்லாம் எங்க கட்டடந்தான் கெடைக்குமா? போன வருஷம் ஒருத்தன் தண்ணித் தொட்டியில கொசு எண்ணினான். அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு, மாடிப்படித் திருப்பத்துல உக்காந்துக்கிட்டு, சண்டை போடறவங்க என்னென்ன வார்த்தை சொல்றாங்கன்னு எழுதுச்சு. அதப் பாத்ததும் எங்காளுங்க சண்டையே போடல. பாவம், வேற தெருவுக்குப் போயிருச்சு. அதுங்களால ஒரு கெடுதலும் இல்ல. நீ வந்த பாரு!

மாடிப்படி பூரா, எங்கெல்லாம் விரிசல் இருக்கோ அங்கெல்லாம் குறுக்கால ஒரு கண்ணாடித் துண்டு. ரெண்டு முனையிலயும் சிமெண்ட் வச்சு ஒட்டி, மேல தேதி, உன் கையெழுத்து. எதுக்கும்மான்னு கேட்டேன். கட்டடம் அசையாம இருந்தா இது முழுசா இருக்கும் அங்கிள், ஒரு மயிரிழை அசைஞ்சாலும் பட்டுன்னு ஒடைஞ்சிரும்னு சொன்ன. சிரிச்சுக்கிட்டே சொன்ன. அனுமதி குடுத்தது நான், ஏச்சு வாங்குனதும் நான்.

மேல் வீட்டுக்காரன் வீட்ட விக்க இருந்தான். வாங்க வந்த ஆளு படியேறும்போது உன் கண்ணாடியப் பாத்தான், பாதியிலேயே திரும்பிட்டான். சங்கக் கூட்டத்துல என்னை என்ன கேட்டாங்க தெரியுமா? ஏன்யா, உன் கண்ணாடிக் கடைக்கு விளம்பரமான்னு.

சிரிக்காத. மூணாவது மாடியில எங்க அக்கா இருக்காங்க, நீ வந்தா தண்ணி குடுப்பாங்களே, அவங்கதான். மாமா போனதுக்கப்பறம் கையில இருந்ததெல்லாம் அந்த வீட்டுலதான் போட்டாங்க. ஏன் போட்டாங்க? தம்பி சொன்னான்னு. நல்ல கட்டடம்க்கா, கண்ண மூடிக்கிட்டு வாங்குன்னு சொன்னது நாந்தான். இப்ப முட்டி போயி ஒரு படி எறங்க ஆளு வேணும் அவங்களுக்கு. அந்த வீடு வீடே இல்லேன்னு ஆயிட்டா அவங்க எங்கம்மா போவாங்க?

சரி, அந்தக் கடைசிப் பக்கத்தப் படி. சத்தமாப் படி.

ம்.

கண்ணாடிகள் எவையும் உடையவில்லை. அசைவு இல்லை. கட்டடம் நிலையாக உள்ளது. அப்படியே எழுதிட்ட. உங்க பேராசிரியரும் தலையாட்டிட்டாரு. வாய்மொழிப் பரீட்சை எப்ப, நாளைக்கா? பேஷ்.

ஆமா, கோவந்தான். மாசாமாசம் வந்தியே, தள்ளி நின்னு ஒரு போட்டோ, அவ்வளவுதானே? ஒரு தடவ விரல வச்சுப் பாத்தியா? எல்லாத் துண்டும் வெள்ளையா இருக்கு, அக்கா வாசல்ல இருக்கறது மட்டும் ஏன் பச்சையடிக்குதுன்னு உனக்குத் தோணவே இல்லியா? சிமெண்ட் ஏன் புதுசா இருக்குன்னு? பாக்கறதுதானேம்மா உன் வேலை? நீ மேல ஏறுன ஒவ்வொரு தடவையும் இங்க கீழ கடையில எனக்குக் கை ஓடாது. இன்னிக்கு மாட்டுனோம், இன்னிக்கு மாட்டுனோம்னு உக்காந்திருப்பேன். நீ எறங்கி வந்து, வரேன் அங்கிள்னு கையாட்டிட்டுப் போயிருவ. அப்ப வர்ற ஆத்திரம் இருக்கே, என் மேல வந்ததவிட உன் மேலதான் ஜாஸ்தி வந்துச்சு.

முழிக்காத. இப்ப அந்த டப்பாவத் தொறந்து பாரு. மெதுவா. அடியில கெடக்கே, அது உன்னோடது. மழை நின்ன வாரம் ஒடைஞ்சது. பசங்க பந்து பட்டிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, அதே அளவுக்கு ஒண்ணு அறுத்து ஒட்டுனேன். மத்ததெல்லாம் என்னோடது. கையெழுத்தும் என்னோடதுதான், உத்துப் பாத்தாலும் தெரியாது. ஒண்ணு ஒடைஞ்சு அடுத்தது ஒடைய மொதல்ல ஒரு மாசம் ஆச்சு. அப்பறம் ஒரு வாரம். நேத்து சாயங்காலம் ஒட்டுனது, இன்னிக்குக் காலையில பல்லு வெளக்கிக்கிட்டே போய்ப் பாக்கறேன், ரெண்டா கெடக்கு.

இந்தத் தடவ மாத்தல. அப்படியே இருக்கு.

அழறதெல்லாம் அப்பறம். அந்தப் பொஸ்தகத்த மேசையில வை. முதல்ல அக்காவ எறக்கணும், ஆளுக்கொரு பக்கமாப் புடிச்சா எறங்கிருவாங்க. அப்பறம் வீடு வீடாத் தட்டலாம். நீதான் சொல்லணும். நான் சொன்னா எப்படி நம்புவாங்க, நல்ல கட்டடம்னு சொன்னவனே நாந்தானே. வா. செருப்பக் கழட்டாத. படியேறும்போது சுவத்த மட்டும் புடிச்சுக்காத.