கெய்ரோவில் எழுதியது, தாராபுரத்தில் சிரித்தது

பேச்சாளர்களைக் கைக்கடிகாரத்தாலேயே மிரட்டிக்கொண்டிருக்கும் எங்கள் திரைப்படக் கழகத் தலைவி மாசாணியம்மாள் அவர்களே! ஆர்.எஸ்.புரத்து அறிவார்ந்த பெரியோர்களே! இன்றைய சீரியலைத் துறந்து வந்திருக்கும் தியாகத் தாய்மார்களே! எகிப்திலிருந்து எழுந்தருளியிருக்கும் நகைச்சுவை வேந்தர் ஹில்மி மர்சூக் அவர்களே! என் தமிழை அவருக்கு அரபியில் சொல்லிவரும் பேராசிரியை நிதா அவர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நம் ஹில்மி அவர்கள் எழுதியது அறுபது படங்களுக்கு வசனம்! இருநூறு பாடல்கள்! எழுதிய கைக்கு என்ன கிடைத்தது? மோதிரமா? காப்பா? விலங்கு ஐயா, விலங்கு! அமைச்சரைக் கேலி செய்த ஒரு நாடகம் மூன்றாம் நாளே தடை செய்யப்பட்டது. ஆறு மாதம் சிறை. சிரிப்புக்கு அஞ்சும் அரசு அங்கே மட்டுந்தானா உண்டு? பலமாகக் கைதட்டாதீர்கள், வாசலில் காவலர் நிற்கிறார்.

இவரைப் பாராட்ட என்னை ஏன் அழைத்தார்கள்? நான் 'சிரிப்புச் செம்மல்' கதிரேசனாம்! தாராபுரத்தில் நூறு நாள் ஓடிய 'அமைச்சர் திறந்த கிணறு' நாடகத்தை எழுதியவனாம்! எழுதினேனா? முப்பத்தைந்து ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னே என் அடக்கம்!

அதோ, மூன்றாம் வரிசையில் ஆசிப். பம்புசெட் மாட்டக் கெய்ரோ போனவர், ஹில்மி அவர்களின் அந்தத் தடைபட்ட நாடகத்தை இரண்டாம் நாள் பார்த்தார். ஊர் திரும்பி என்னிடம் கதை சொன்னார். நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க, இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" என்கிறார் ஆசிப். ஹில்மி ஐயாவுக்கு வயது எண்பத்திரண்டுங்க, இன்னும் எப்பச் சொல்றது? வெட்கமாக இருக்கிறது ஐயா. மன்னியுங்கள்.

நிதா அம்மணி, எல்லாத்தையும் சொல்லிப்போட்டீங்களா? என்ன சொல்றாருங்க?

"திட்டலைங்க. கிணத்துக் காட்சிக்கு உங்கூர்ல சிரிச்சாங்களான்னு கேக்கறாருங்க. அங்க முன்வரிசைல போலீஸ் உக்காந்திருந்ததால ஒருத்தருமே சிரிக்கலீங்களாம். வசனந்தான் சரியில்லையோன்னு இன்னைக்கும் சந்தேகமாம்."

பெருமக்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்! வறண்ட கிணறு. அமைச்சர் திறக்க வருகிறார். அதிகாரிகள் ஊரார் வீட்டுக் குடங்களையெல்லாம் பிடுங்கித் தண்ணீரைக் கிணற்றில் கொட்டுகிறார்கள். அமைச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆகா, என்ன சுவை!" என்கிறார். குடியானவன் கைகட்டிச் சொல்கிறான்: "எங்க ஊட்டுத் தண்ணிதானுங்க. குடிச்சுப்போட்டு மிச்சத்தத் திருப்பிக் குடுத்துப்போடுங்க!"

இருங்கள், இருங்கள்... சரி, சிரியுங்கள்! நன்றாகச் சிரியுங்கள்! இத்தனை காலம் இவருடைய இந்தச் சிரிப்பை நான் அல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்!

இதை மொழிபெயர்க்க வேண்டாம் அம்மணி. அவர் கண்ணைத் துடைக்கிறார் பாருங்கள்.

சிரித்த உங்களுக்கு என் நன்றி. எழுதியவருக்கு நம் எல்லோருடைய வணக்கம்.