பழ ஈயும் கழன்ற கொக்கியும்

கேன்டீன் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் ஆய்வுக்கூடத் தலைவி அவர்களே, முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் மூத்தோரே, பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்த தாய்மாரே, என்னோடு அனலில் நின்ற அடுப்படித் தோழர்களே, வணக்கம்!

என் கண் அடிக்கடி வாசலுக்கே போகிறது. ஏன்? மாடி ஆய்வுக்கூடத்தில் என் மகள் இந்நேரம் ஒரு கண்ணாடிக் குழாயைத் திறந்துகொண்டிருக்கிறாள். உள்ளே பழ ஈக்கள். அவை பறந்தால் அவள் ஆய்வு வாழும். விழுந்தால் இன்றோடு மூடப்படும்.

"ஒரு ஈக்கா மாஸ்டர் இந்தப் பாடு?" என்கிறார் பின்வரிசை நண்பர். ஆமப்பா! உன் தட்டில் ஒரு ஈ விழுந்தபோது என்னை வைதாயே, அதன் உறவுக்காரன்தான் இந்தப் பழ ஈ!

கேளுங்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய இழைகளால் ஒரு சட்டகம் உண்டு. செல்லைத் தாங்க மட்டுமா அது? நானும் அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரையை உடைத்துச் சக்தியாக்கும் நொதிகள் பல, அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவாம். ஒன்று முடித்ததை அடுத்தது வாங்க வேண்டுமே!

வெள்ளையடிக்க வந்தவர்கள் நம் அலமாரியையும் கரண்டிக் கம்பியையும் கழற்றிய நாள் நினைவிருக்கிறதா? ஆள் குறைந்ததா? இல்லை. அரிசி குறைந்ததா? இல்லை. அடுப்பு அணைந்ததா? இல்லை. பசி அடங்கியதா? அதுவும் இல்லை! நறுக்கியவர் மாடிப்படியில், கரண்டி கைகழுவும் தொட்டியில், நடுவில் நான். "எல்லாம் இருக்கு மாஸ்டர், எதுவும் கைக்கு வரலை" என்று அலறினீர்களே!

சில ஈக்களுக்கும் அதே கதி. இறக்கைத் தசையில் நொதி நிறைய உண்டு. அந்த நொதிக்கு இழையைப் பற்றும் கொக்கி போன்ற நுனி மட்டும் இல்லை. பாவம், எழும்ப முடியவில்லை. அந்தக் கொக்கியைத்தான் என் மகள் மறுபடி மாட்டியிருக்கிறாள். "பறக்கலைன்னா என்னப்பா செய்வேன்?" என்று காலையில் கேட்டாள். "முதல்ல சாப்பிடும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

யாரது வாசலில், மூச்சிரைக்க? என்னம்மா, விழுந்துவிட்டதா?

"கதவைச் சாத்துங்கப்பா! குழாயைத் திறந்ததும் ஒண்ணு தப்பிச்சிடுச்சு! படியெல்லாம் துரத்திக்கிட்டே வரேன், இங்கதான் நுழைஞ்சுது!"

மாடியிலிருந்தா? நடந்தா வந்தது?

ஏனம்மா அழுகிறாய்? அழுதுகொண்டே ஏன் சிரிக்கிறாய்?

அதோ, மைக்கின் மேல்!

அன்புடையீர், வந்தமைக்கு நன்றி, என் பதற்றத்தைப் பொறுத்தமைக்கு நன்றி. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரும் கைதட்டாதீர்கள். மெல்ல, மிக மெல்லக் கைகூப்புங்கள். வணக்கம்.